காரைக்குடியில் பழைய நகரத்தார் வீட்டு ஹோட்டல்: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

மே 9, மாலை: வாசகர் ஒருவரின் கேள்வி

அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி தரிசனம் முடித்துவிட்டு, காரைக்குடி ஊருக்கு நடுவிலேயே புதுப்பிக்கப்பட்ட பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு ஹோட்டல் ஒன்றில் அவரையும் அம்மாவையும் இரண்டு இரவு தங்கவைக்கலாம் என்று ஆசை. ஓர் இரவு வாடகையைக் கேட்டால், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு வாரம் இருக்கலாம் போலிருக்கிறது. படங்களில் தூண்களும், தரையில் பதித்த பூக்கல்லும் பளபளக்கின்றன. அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது? தங்கியவர்கள் சொல்லுங்கள்.

மே 9, இரவு

தகாது.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு அப்படியொரு வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தேன். பெயர் சொல்லமாட்டேன், அங்கே வேலை பார்ப்பவர்கள் எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள். ஆனால் வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருந்தார்கள். வானம் தெரிய வேண்டிய இடத்தில் மங்கலான மஞ்சள் வெளிச்சம், கீழே அனல். அறை இருட்டு, ஒரே ஜன்னல், காற்று வரவில்லை; ஏசி ஓடியது. கட்டிலின் தலைமாட்டில் சுவர் கொப்புளித்து உதிர்ந்துகொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் தலையணை மேல் வெள்ளைப் பொடி.

மே 10, காலை

நேற்று எழுதியது கோபத்தில் எழுதியது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா பூச்சு வேலைக் கொத்தனார். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர் கரணை ஓடியிருக்கிறது. அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தால் வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும்; கன்னத்தை வைத்துக்கொள்ளத் தோன்றும். அது தானாக வந்ததில்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். ஒரு பூச்சு இழுத்துக்கொண்டதும் அடுத்த பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நைசாக. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு. தாத்தா தேய்க்கும்போது பேசமாட்டாராம். பேசினால் கை நிற்கும், கை நின்ற இடம் சுவரில் தெரியும் என்பாராம்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டையும் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லை. உப்போடு உள்ளேயே நின்று, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நான் தங்கிய அறையில் நடந்தது அதுதான். நூறு வருடம் நின்ற சுவரைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுத்திருக்கிறார்கள். அதற்கு என்னிடம் வாடகையும் வாங்கினார்கள்.

மே 10, மாலை

சுவர் முழுக்க முட்டையால் ஆனது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. முட்டை கடைசிப் பூச்சுக்கு மட்டும்தான். அதுவும் முகப்பு, வளவு, பட்டாலைக் கூடம் என்று நாலு பேர் கண்ணில் படும் இடங்களில்தான் அந்தக் கண்ணாடி மினுக்கம் அதிகம். அடுப்பங்கரைப் பக்கம் சாதாரணச் சுண்ணாம்புதான்.

மே 11

தேவகோட்டை ஆச்சி ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். அதிலிருந்து: "ஏம்மா, அறை இருட்டாக இருக்கிறது, ஒரே ஜன்னல்தான் என்று குறைப்படுகிறீர்கள். அந்த அறையில் யார் தூங்கினார்கள்? சாமான் வைக்கிற அறையில் கட்டிலைப் போட்டுவிட்டு ஹோட்டல் என்கிறார்கள். நீங்களும் அதை நம்பிக் காற்று வரவில்லை என்கிறீர்கள்."

ஆச்சி சொல்வது சரி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக் கணக்கில் பிரிந்தவை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான், பெட்டகம், வெள்ளி, பித்தளை எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி உலை தனி. தூக்கம் எல்லாம் வெளியே பத்தியிலும் (வளவைச் சுற்றிய தாழ்வாரம்) பட்டாலையிலும், பாயை விரித்து, வளவிலிருந்து இறங்கும் காற்றில்.

அப்படியானால் ஜன்னலைப் பற்றிய என் குறையை எடுத்துக்கொள்கிறேன். வளவைப் பற்றிய குறை இன்னும் பெரிதாகிறது. வீட்டுக்கே மூச்சு வரும் வழி அது. அதை அடைத்துவிட்டு, அடைத்ததால் வந்த புழுக்கத்துக்கு அறைக்கு அறை ஏசி மாட்டியிருக்கிறார்கள்.

மே 11, இரவு

குரங்கும் புறாவும் வருகின்றன, மூடாமல் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பழைய வீடுகள் பலவற்றில் வளவுக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். கள்வனும் குரங்கும் இறங்க முடியாது. காற்றும் மழையும் வெயிலும் இறங்கும். புறாவுக்கு அதன் மேல் ஒரு வலை போதும்.

மே 13

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாளாக அதுதான் உறுத்துகிறது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சிறுமியாக இருந்தபோது, கல்யாணத்துக்காகச் சுவர்களைப் புதுப்பிக்கும் வேலை நடக்கும் வீடுகளுக்குத் தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோவார். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. அம்மா பின்வாசலோடு சரி. தூக்குவாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். தாத்தா கை கழுவிக்கொண்டு வருவார். மூன்றாம் கட்டுக்கு (வீட்டின் மூன்றாம் பகுதிக்கு) அப்பால் என்ன இருக்கிறது என்று அம்மா பார்த்ததே இல்லை. யாரும் தடுத்ததில்லையாம். போகத் தோன்றியதும் இல்லையாம்.

அன்று காரிலிருந்து இறங்கியதும் அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன். வரவேற்பில் இருந்த பெண் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. கதவின் நிலையில் செதுக்கியிருந்த கஜலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, "இந்த வழியாகப் போகலாமா?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்: "வாங்க அம்மா, உங்கள் வீடு மாதிரி." ஹோட்டலில் எல்லாரிடமும் சொல்லும் வார்த்தைதான். அம்மாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

உள்ளே போனதும் அம்மா தூணையோ தொங்கும் கண்ணாடி விளக்கையோ பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். முகப்புச் சுவர் நல்ல வேளையாகப் பழைய பூச்சாகவே இருந்தது. அதில் தன் முகம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, "அப்பா வேலை மாதிரி இருக்கிறது" என்றார். தாத்தா அந்த வீட்டில் வேலை செய்தாரா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. நான் ஆமாம் என்றேன்.

இதை எழுதும்போது, ஒன்பதாம் தேதி நான் போட்ட "தகாது" என்ற ஒற்றைச் சொல் எனக்கே பிடிக்கவில்லை. எடுக்கவும் மனம் வரவில்லை, அந்தத் தலைமாட்டுச் சுவர் கண்ணில் நிற்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

மே 14

இன்னொன்று நினைவுக்கு வந்தது. கட்டிலின் கால்மாட்டில் அழகுக்காகக் கண்டாங்கிச் சேலைத் துணியை மடித்து விரித்திருந்தார்கள். கட்டம் போட்ட அரக்குச் சிவப்பு, அகலக் கரை. அசல் காரைக்குடி நெசவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. அம்மா அதை எடுத்து, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டார். கட்டுகிற சேலையைக் கால்படும் இடத்தில் போடுவார்களா என்றார். மறுநாள் அறையைச் சுத்தம் செய்தவர் மீண்டும் கால்மாட்டில் விரித்தார். அம்மா மீண்டும் மேசைக்குக் கொண்டுபோனார். ஹோட்டல்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தத் துணியைத் தயவுசெய்து சுவரில் மாட்டுங்கள்.

மே 18

சாப்பாட்டைப் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். மதியம் இலைச் சாப்பாடு: கோழி மிளகு வறுவல், வாழைப்பூ, கத்தரிக்காய்க் கெட்டிக்குழம்பு, கடைசியில் கவுனி அரிசி. செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நெருப்புக் காரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் செய்த வேலை அது. வீட்டுச் சமையலில் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் வாசனைக்கு. நாக்கு எரிவதற்கல்ல. எழுபது வயது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். இரவுக்கு இடியாப்பம் கேட்டால் செய்து தருவார்கள்.

மே 27

தூண் விவகாரம். தங்கிய இரண்டாம் நாள் காலையில் கண்டுபிடித்தேன். உணவறையாக மாற்றியிருந்த இரண்டாம் கட்டில் ஆறு மரத்தூண்கள். நான்கில் போதிகையின் (தூணின் தலைப்பகுதி) செதுக்கல் ஒரு விதம், இரண்டில் வேறு விதம். அந்த இரண்டும் உயரம் பற்றாமல், அடியில் கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். பரிமாறிய அண்ணனிடம் கேட்டேன். வேறொரு வீட்டை இடித்தபோது வாங்கியது என்று மறைக்காமல் சொன்னார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, யாரோ ஒரு ஐயாவின் பெரிய படம், சட்டத்தோடு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து பிரிந்து வந்தது. எனக்கு அந்தத் தெருவில் நடக்கவே முடியவில்லை. ஒரு வீட்டை இடித்து இன்னொரு வீட்டை அலங்கரிப்பதா மீட்பு என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

பிறகு அதே தெருவில் ஒரு தச்சு ஆசாரியிடம் பேசினேன். அவர் சொன்னது: பங்காளிகள் முப்பது, நாற்பது பேர், சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஓடு மாற்றக்கூட எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பணம் போட வேண்டும். ஓர் ஓடு உடைந்தால் மழை உள்ளே இறங்கும். மழை இறங்கினால் விட்டம் செத்துவிடும். விட்டம் செத்த வீடு தானாக விழும். விழுவதற்கு முன் எடுத்த தூண் எங்காவது நிற்கும். எடுக்காத தூண் விறகு.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் செட்டிநாட்டு வீடும் இப்படிப் பிரித்தெடுத்துத் திரும்பப் பூட்டியதுதான். அதைப் பார்த்து எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே மகிழ்ந்துவிட்டு இங்கே கோபப்பட்டது சரியா என்று இப்போது யோசிக்கிறேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். ஹோட்டலில் நான் கேட்டபிறகுதான் சொன்னார்கள். அந்த இரண்டு தூண்களின் மேல் ஊர்ப் பெயரை எழுதி ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்தால் போதும், நான் வாயை மூடிக்கொள்வேன்.

மே 28

திருத்தம். தூண்கள் எல்லாம் பர்மாத் தேக்கு என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். தேவகோட்டை ஆச்சி மீண்டும் பிடித்துவிட்டார். வளவைச் சுற்றி மழைச் சாரல் படும் இடத்தில் பல வீடுகளில் கருங்கல் தூண்தான். நான் தங்கிய வீட்டிலும் அப்படியே என்பதைப் படங்களைத் திரும்பப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். தேக்கு, முகப்பிலும் உள்கட்டிலும். நன்றி ஆச்சி.

ஜூன் 8

"பணத்திமிரில் கட்டிய வீடுகள், விழுந்தால் விழட்டும்" என்று ஒருவர் எழுதியதற்கு ஒரு வாரமாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதை மறைக்கக் கூடாது. கீழ்பர்மாவின் நெல் வயல்களுக்கு நகரத்தார் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டுகளின் முடிவில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள், பலர் கால்நடையாக. பர்மா சுதந்திரம் பெற்றபின் நிலம் தேசியமயமானது. இங்கே அறுபது அறை வீடுகள் பூட்டிக் கிடக்கத் தொடங்கியதற்கு அதுதான் பெரிய காரணம்.

இவ்வளவும் தெரிந்தும் விழட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணம் ஒருவருடையது. கை வேறு பலருடையது. என் தாத்தாவின் கை, ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணச் சாந்தை ஊற்றிப் பூக்கல் செய்தவரின் கை, விட்டம் இழைத்த ஆசாரியின் கை. பூக்கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை, தெரியுமா? வார்ப்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, வண்ணத்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டுத் தட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும் முகம் அந்த மினுக்கோடு வரும். நடக்க நடக்க இன்னும் மினுங்கும். பூட்டிய வீட்டில் மங்கிவிடும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது என் மனதில் வந்தவர்கள் இவர்கள்தான்.

ஜூன் 9

எந்த ஊரில் எந்த ஹோட்டல் என்று கேட்கிறார்கள், சுருக்கமாக: காரைக்குடிக்குள் ‘தி பங்களா’; ஒரு காலத்தில் கிளப்பாக இருந்த கட்டடம். கானாடுகாத்தானில் விசாலம், தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்தது. திருமயம் பக்கம் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். நான் சித்திரையில் தங்கியது இவற்றில் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பல்லவன் ரயில் வசதி.

அக்டோபர் 29

ஐந்து மாதம் கழித்துத் திரும்ப வருகிறேன். ஐப்பசி மழைக்காகவே இன்னொரு பழைய வீட்டில் ஓர் இரவு தங்கினோம், நானும் அம்மாவும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டேன்: வளவு திறந்திருக்கிறதா? எடுத்த அண்ணன் சற்றுத் தயங்கி, "மழை உள்ளே விழும் அம்மா, பரவாயில்லையா?" என்றார்.

மாலை நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேலையாட்கள் ஓடி, பத்தியில் கிடந்த மெத்தைகளை உள்ளே இழுத்தார்கள். சமையல்கட்டிலிருந்து ஓர் அம்மாள் பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து வளவின் மூலையில் தாரைக்கு நேர் கீழே நிறுத்தினார். முதலில் ஓட்டின் மேல் சலசலப்பு. பிறகு உள்நோக்கிச் சரிவாக அமைந்த நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் தகரத் தாரைகளில் ஓடி, நாலு மூலையிலும் கொட்டத் தொடங்கியது. அண்டா முதலில் அதிர்ந்து ஒலித்தது, நிறைய நிறைய ஒலி கனத்துக்கொண்டே போனது. முற்றத்துத் தண்ணீர் சலதாரை வழியாகத் தெருவுக்கு ஓடியது. தெருவின் சரிவெல்லாம் ஊருணியை நோக்கித்தான். மழைக்கு முன் பத்தியில் உட்கார முடியாத புழுக்கம். பத்து நிமிடத்தில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அறை? சிறிய அறைதான். ஏசி இருந்தது, போடவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினோம்.

மறுநாள் பின்கட்டில் ஒரு சுவருக்குப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் இல்லை, தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது, பக்கத்து வாளியில் கடுக்காய்த் தண்ணீர். அம்மா வாளியில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். இளம் கொத்தனார், முப்பது வயது இருக்கும். "வெல்லம் போட்டாயா தம்பி?" என்றார் அம்மா. போட்டேன் ஆத்தா என்றான். "பேசாமல் தேய்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு எதிரே படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

அக்டோபர் 30

முதலில் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி, மார்கழியில் போகிறார்களாம். போங்கள். வளவு திறந்த வீடாகப் பாருங்கள். சுவரில் என்ன பூசுகிறீர்கள் என்றும் கேளுங்கள். சுண்ணாம்பு என்று சொல்பவர்கள் மகிழ்ச்சியாகவே சொல்வார்கள். மாடி அறை வேண்டாம், படிகள் செங்குத்து. கீழ்த்தளத்திலும் நிலைப்படிகள் உயரம், கட்டுக்குக் கட்டு ஒன்று வரும். இரவில் பாத்ரூமுக்குப் போகும் வழியில் எத்தனை நிலைப்படி என்று பகலிலேயே அப்பாவோடு ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். எங்கள் அறையிலிருந்து மூன்று.